சமையல் வசதி உண்டு

முப்பத்தொரு வருஷம் அடுப்பு ரிப்பேர் செய்தே பிழைத்த ஒரு மனிதர், அடுப்புப் பற்றவைக்கத் தெரியாதவர் என்று தேர்வில் தோற்றுப்போன கதை இது. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் மனைவிக்குப் பசிக்கிற இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் பேசாமல் இருங்கள், போதும்.

மனைவிக்குப் பசிப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த அம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் ஆகியிருந்தது. காயம் ஆறிவிட்டது. பசி மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு கால்மணி நேரம், வழி தப்பி வந்த விருந்தாளி மாதிரி எட்டிப்பார்க்கும். அந்தக் கால்மணிக்குள் சூடாக எதையாவது தட்டில் வைத்தால் நாலு வாய் இறங்கும். தவறவிட்டால் தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறினதை வாயில் வைத்தால் குமட்டும்.

"எடை இதுக்கு மேல இறங்கினா மூக்கு வழியா டியூப் போட வேண்டியதுதான்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. எடை பாத்துட்டு முடிவு பண்ணுவோம். பசின்னு சொன்னா உடனே சூடா குடுங்க. ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க."

அடுப்புக்காரர் வாழ்நாளெல்லாம் டியூப் மாட்டியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவார். மனைவி மூக்கில் ஒன்றை மாட்டப்போகிறார்கள் என்பதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தூரத்தில் வேலை பார்க்கும் மகள் போன் செய்தாள். "காத்து மாறினா பசி வரும்பா. காட்டுக்குள்ள கூடாரம். ஆனா சாதாக் கூடாரம் இல்ல, உள்ள கட்டில், மெத்தை, குளியல் தொட்டி எல்லாம் இருக்கு. ஓட்டல் கிடையாது. அதனாலென்ன, சமையல் வசதி உண்டுன்னு போட்டிருக்காங்க. 'நீங்களே சமையுங்கள், நீங்களே உண்ணுங்கள், நீங்களாகவே இருங்கள்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அம்மா பேர்லயே புக் பண்ணிட்டேன். அம்மாதான் முதன்மை விருந்தினர். நீங்க உடன் வருபவர்."

"நான் என்னிக்கும் அதுதானேம்மா," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முகாமின் வேன் அவர்களைக் கொண்டுவந்து இறக்கியது. காட்டின் அமைதி கெடும் என்பதால் வேறு வண்டி எதுவும் உள்ளே வராது. இதே வேன் ஞாயிறு சாயங்காலம்தான் திரும்ப வரும். வாசலில் காவலர் பையைத் திறந்து பார்த்தார். ரொட்டி, அரிசி, உருளைக்கிழங்கு, ஆறு முட்டை, மிளகுத்தூள், உப்பு, ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய். வெங்காயம் ஒன்றே ஒன்று. கிளம்புகிற அவசரத்தில் மற்றவை சமையலறை மேடையிலேயே தங்கிவிட்டன. காவலர் அந்த ஒன்றையும் இடுக்கியால் எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடினார்.

"மாதிரி எடுக்கறோம் சார். மணப் பரிசோதனைக்கு."

"ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு போதும் சார்," என்று பெருந்தன்மையாகச் சொன்னார் காவலர்.

பதினாலாம் கூடாரம் அவர்களுடையது. உள்ளே கட்டில்மேல் ஏழு தலையணை இருந்தது. எந்தத் தலையணையில் தலை வைப்பது, மிச்சத்தை எங்கே வைப்பது என்று அந்த அம்மாள் திகைத்து நின்றார். அடுப்புக்காரர் நேராகச் சமையல் மூலைக்குப் போனார். கருங்கல் மேடை. சுவரில் ஒரு வாணலி தொங்கியது. எடுத்துப் பார்க்கப்போனால் வரவில்லை, திருகு போட்டு இறுக்கியிருந்தார்கள். மரக் கரண்டி ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. நடுவில், முகம் பார்க்கலாம்போல மின்னிக்கொண்டு, இரண்டு பர்னர் அடுப்பு. பிறந்த குழந்தையைக் குனிந்து பார்ப்பதுபோல அதைக் குனிந்து பார்த்தார். திருப்புகிற நாப் இரண்டும் இல்லை. நாப் மாட்டுகிற கம்பி மட்டும் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"பல்லு போன வாய் மாதிரி இருக்கே," என்றார்.

"சரியாச் சொன்னீங்க," என்று வாசலில் ஒரு குரல். பதினைந்தாம் கூடாரத்துப் பல் டாக்டர். கையில் ரஸ்க். "நாப் ஆபீசுல இருக்கு. சான்றிதழ் வாங்கினா குடுப்பாங்க. நான் வாங்கிட்டேன். ஆனா திருப்பறதுக்கு இன்னும் அனுமதி வரல. அஞ்சு நாளா ரஸ்க் தின்னுட்டு இருக்கேன்."

"காஞ்ச ரஸ்க்கையா?"

"குளியல் தொட்டில வெந்நீர் வருதேன்னு நனைச்சுப் பாத்தேன். சோப்பு வாசனை. ஊர்ல பேஷண்ட்டுக்கெல்லாம் கடிச்சுத் தின்னாதீங்கன்னு புத்தி சொல்றவன் நான்." டாக்டர் ஒரு கடி கடித்தார். பக்கத்துக் கூடாரம்வரை கேட்டிருக்கும்.

அலுவலகத்துக்கு 'அனுபவ நிலையம்' என்று பெயர். கண்ணாடி அலமாரிக்குள் நீல வெல்வெட் மெத்தையில் எழுபத்தெட்டு நாப்கள் எண் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இஸ்திரி கலையாத உடையில் நெருப்பு அலுவலர் நின்றார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். கெட்ட பெண் இல்லை. சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் சிந்தாமல் சொல்பவர், அவ்வளவுதான்.

"நெருப்பு அறிமுக வகுப்புக்கு வாங்க சார். முக்கால்மணி நேரம். முடிஞ்சதும் தேர்வு."

"அம்மாடி, எனக்கு அடுப்பு பத்தி ஓரளவு தெரியும்."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சுட்டு வர்றாங்க சார்."

வகுப்பில் அவர் ஒருவர்தான். திரையில் சூரியன், எரிமலை, மெழுகுவத்தி என்று படங்கள் வந்தன. அடுப்பின் படம் ஒன்றுகூட வரவில்லை. பிறகு தேர்வு.

"அடுப்பைப் பத்தவைக்கறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்யணும்?"

இதைவிடச் சுலபமான கேள்வியை அவர் தொழிலில் யாரும் கேட்டதில்லை. "ஜன்னலைத் திறக்கணும். மோந்து பாக்கணும். சந்தேகமா இருந்தா டியூப்ல சோப்புத்தண்ணி தடவணும். குமிழி வந்தா லீக்."

அலுவலர் வருத்தத்தோடு தலையசைத்தார். "கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, நெருப்புக்கு நன்றி சொல்லணும்."

"பத்தவைக்கறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

"அது இன்னும் ஒண்ணுமே பண்ணலியேம்மா. எதுக்கு நன்றி?"

"அடுத்த கேள்வி. அடுப்பை சிம்ல எதுக்கு வைக்கறோம்?"

"அடி பிடிக்காம இருக்க."

"தவறு. நெருப்பு தன்னோட பணிவை உணர்றதுக்கு." அவர் எழுதிக்கொண்டே கேட்டார்: "சார் என்ன வேலை பாக்கறீங்க?"

"அடுப்பு ரிப்பேர்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "அதான் சிக்கல். உங்களுக்கு அடுப்பைப் பத்தி ஏற்கெனவே அபிப்பிராயம் இருக்கு. ஒண்ணுமே தெரியாம வர்றவங்க முதல் தடவையே பாஸ் ஆயிடறாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு மறுதேர்வு. அதுவரைக்கும் தெரிஞ்சதையெல்லாம் மறக்க முயற்சி பண்ணுங்க."

பத்துக்கு ஒன்று. ஜன்னலைத் திறக்கணும் என்று சொன்னதற்கு, காற்றை மதித்தார் என்று அந்த ஒரு மதிப்பெண்.

அன்று சாயங்காலம் அந்த அம்மாள் கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து அவர் புடவைமேல் விழுந்திருந்தது. மெல்ல, "ஏங்க," என்றார். "வயித்துல என்னமோ பண்ணுது."

"வலிக்குதா?"

"இல்ல. பசி மாதிரி."

அடுப்புக்காரர் செருப்புக்கூடப் போடவில்லை. கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு ஓடினார். அனுபவ நிலையத்தின் கண்ணாடி ஜன்னல் பாதி இறங்கியிருந்தது. மணி ஐந்து அடித்து நாலு நிமிஷம்.

"அம்மாடி, நாப்பைக் குடுங்க. என் வீட்டுக்காரிக்குப் பசிக்குது."

"நேரம் முடிஞ்சுடுச்சு சார். நாப்பெல்லாம் உறைக்குள்ள போயிடுச்சு."

"அவங்களுக்கு உடம்பு சரியில்ல. இந்தப் பசி கால்மணி நேரம்தான் இருக்கும். ஒரு முட்டை போட்டுக் குடுத்துட்டு உடனே கொண்டாந்து வச்சிடறேன்."

அலுவலருக்கு மனம் இளகியது. சட்டென்று உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். மேலே 'அவசரப் பசிக்கு' என்று எழுதியிருந்தது. அடுப்புக்காரர் அதை வாங்கிக்கொண்டு ஓட்டமாகத் திரும்பி வந்து திறந்தார். உள்ளே ஒரு வாசனைப் பொட்டலம். ஒரு சீட்டு. சீட்டில் எழுதியிருந்தது: 'பசியை வரவேற்றிடுங்கள். எங்கிருந்து வருகிறாய் என்று அதனிடம் கேட்டிடுங்கள்.'

ரொட்டி ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் அதைப் பார்த்தார். வாய்வரை கொண்டுபோனார். திரும்ப வைத்துவிட்டார்.

"போயிடுச்சுங்க."

"ஒரே ஒரு வாய்..."

"வேணாம், குமட்டுது. நீங்க ஏன் இப்படி ஓடறீங்க? மூச்சு வாங்குது பாருங்க. கால்ல ரத்தம் வேற. உக்காருங்க முதல்ல."

உட்கார்ந்தார். அவருக்கு வந்த கோபம் பொங்கி வழிகிற கோபம் இல்லை. சிம்மில் வைத்த கோபம். அதுதான் ரொம்ப நேரம் எரியும்.

மறுநாள் பத்து மணிக்குத் தேர்வுக்குப் போனார். துணைக்குப் பல் டாக்டரும் போனார். முதல் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அடுப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உரத்த குரலில், "நெருப்பே, நீ இருக்கியா இல்லையான்னே தெரியல. இருந்தாலும் நன்றி!" என்றார். டாக்டர் கைதட்டினார். எதிர்பார்ப்பில்லாத நன்றி என்று பாராட்டிப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். சான்றிதழை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நாப் இரண்டையும் வெல்வெட் மெத்தையோடு ஒரு தட்டில் வைத்து, மௌனக் காவலர் முன்னால் நடக்க, ஊர்வலமாகப் பதினாலாம் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மௌனக் காவலர் கையில் சத்தத்தை அளக்கிற கருவி இருந்தது. சத்தம் கூடினால் அது கூவும். காட்டில் அதற்குமேல் சத்தம் போடுகிற எதுவும் இல்லை.

"இதை மாட்டி வச்சிக்கலாம் சார். திருப்பக் கூடாது," என்றார் நெருப்பு அலுவலர். "மண அனுமதி வரணும். ஏழு வேலை நாள் ஆகும்."

"நாங்க மூணு நாள்தானேம்மா இருக்கப்போறோம்?"

"எல்லாருமே அதுக்குள்ள போயிடறாங்க சார்," என்று அந்தப் பெண் பெருமூச்சு விட்டார். "பொறுமை ரொம்பக் குறைஞ்சுபோச்சு."

அவர்கள் தலை மறைந்ததும் அடுப்புக்காரர் நாப்பை மாட்டித் திருப்பினார். அனுமதி இல்லாமல்தான். பசி வரும்போது தேட வேண்டாம், இப்போதே பார்த்து வைப்போம் என்று நினைத்தார். ஒன்றும் வரவில்லை. மூக்கை வைத்துப் பார்த்தார். வாசனை இல்லை. மறுபடி திருப்பினார். பிறகு அடுப்பைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். டியூப் மாட்டுகிற இடம் பளபளவென்று இருந்தது. டியூப் இல்லை. மேடைக்குக் கீழே கதவைத் திறந்தார். பூச்சாடியும் ஊதுவத்தியும் இருந்தன. கூடாரத்துக்குப் பின்னால் போனார். புல் இருந்தது.

டாக்டரின் கூடாரத்திலும் போய்ப் பார்த்தார். அங்கும் புல்தான்.

"அப்படின்னா ஏழு நாள் கழிச்சு அனுமதி வந்திருந்தாலும்..." என்றார் டாக்டர்.

"ரஸ்க்குதான்."

மேலாளரின் அறையில் காட்டுப் பூக்களின் படங்கள் மாட்டியிருந்தன. மேலாளர் அடுப்புக்காரர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"வாய்ப்பே இல்ல சார். இந்த முகாம் ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆச்சு. நாப்பது கூடாரம். அடுப்பு எரியலன்னு இன்னிவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல."

"எட்டு வருஷத்துல எத்தனை பேர் அடுப்பைப் பத்தவைச்சிருக்காங்க?"

மேலாளர் ஒரு பதிவேட்டைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் புரட்டினார்.

"அந்தக் கட்டத்துக்கு யாரும் வந்ததில்ல," என்றார் கடைசியில். அவர் நடிக்கவில்லை. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. முகாம் கட்டியபோது அடுப்பு வைத்தவர்கள் கேஸ் லைன் பிறகு வரும் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாப் கொடுத்தவர்கள் லைன் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நடுவில் யாருக்கும் பற்றவைத்துப் பார்க்க அனுமதி இல்லை. எட்டு வருஷமும் எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

மேலாளரின் முகம் சட்டென்று தெளிந்தது. "ஒரு நிமிஷம் சார். கேஸ் வரலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திருப்பிப் பாத்தேன்."

"அனுமதி இல்லாம."

"ஆமா."

"அப்போ பிரச்சினை கேஸ் இல்ல சார்," என்றார் மேலாளர். "பிரச்சினை நீங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு உங்க கூடாரத்துலயே விசாரணை."

சனிக்கிழமை முழுக்கப் பசி வரவில்லை. அந்த அம்மாள் அரைத் தம்ளர் பழச்சாறு குடித்தார். வளையல் முழங்கைவரை வழுக்கி இறங்குவதைக் கணவர் பார்க்காதமாதிரி பார்த்தார். விடிந்தால் ஞாயிறு. அதற்கு மறுநாள் எடை.

பதினோரு மணிக்கு விசாரணை கூடியது. மேலாளர், நெருப்பு அலுவலர், மௌனக் காவலர் மூவரும் வந்து மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கட்டிலில் ஏழு தலையணைக்கு நடுவே சாய்ந்திருந்தார். பல் டாக்டர் அழைக்காமலே வந்து வாசலில் நின்றார்.

"உங்க மேல எங்களுக்குக் கோபம் எதுவும் இல்ல," என்று மேலாளர் ஆரம்பித்தார். "கருணையோட பாக்கறோம். அதனால மணப் பரிசோதனைய இன்னிக்கே சிறப்பு முறையில முடிச்சுடலாம்னு தீர்மானம். பொருளைக் கொண்டு வாங்க."

மௌனக் காவலர் கண்ணாடி ஜாடியை மேசைமேல் வைத்தார். நெருப்பு அலுவலர் கையுறை போட்டுக்கொண்டு வெங்காயத்தை இடுக்கியால் எடுத்தார். விதிப்படி நாலாகப் பிளந்தார்கள். விதிப்படி மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக முகர்ந்தார்கள். மூன்று பேர் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"மூன்றாம் வகை மணம்," என்று அழுதுகொண்டே எழுதினார் அலுவலர்.

மேலாளர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கண்ணீர் வந்ததும் பேச்சில் தானாகவே உருக்கம் சேர்ந்துகொண்டது. "நாங்க எதுக்கு இவ்வளவு கட்டுப்பாடு வச்சிருக்கோம்னு நீங்க புரிஞ்சுக்கணும் சார். சமையல்னா என்ன? புகை, வாடை, எண்ணெய்ப் பிசுக்கு, சத்தம், பாத்திரம் தேய்க்கறது. இதையெல்லாம் நீக்கிட்டு, சமையலோட சாரத்தை மட்டும் விருந்தினருக்குக் குடுக்கறோம். எட்டு வருஷத்துல இங்க ஒருத்தருக்குக் கை சுட்டதில்ல. ஒரு பாத்திரம் அடி பிடிச்சதில்ல. ஒரு கரண்டி அழுக்கானதில்ல. இந்த உலகத்துலயே பாதுகாப்பான சமையலறை எங்களோடதுதான் சார்!"

"பல்லை மொத்தமாப் பிடுங்கிட்டா சொத்தை வராதுதான்," என்றார் வாசலிலிருந்து டாக்டர்.

"நீங்கல்லாம் எங்க சாப்பிடறீங்க?" என்று கேட்டார் அடுப்புக்காரர்.

"ஊழியர் பகுதியில."

"அங்க அடுப்பு எரியுதா?"

"எரியுமே. நாங்க சாப்பிட வேணாமா சார்?" மேலாளருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "ஆனா அது வெறும் அடுப்பு. அதுல அனுபவம்னு ஒண்ணும் கிடையாது."

"ஏங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அந்த அம்மாள் தலையணைகளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கு மேசையைப் பார்த்து இருந்தது.

"அந்த வெங்காயம்..." என்றார். "எனக்குப் பசிக்குது."

பசி மாதிரி என்று சொல்லவில்லை. பசிக்குது என்றார். மூன்று மாதத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை.

அடுப்புக்காரர் எழுந்தார். எங்கே போனாலும் கூடவே எடுத்துப்போகிற டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினார். "குற்றப்பத்திரிகை இன்னும் படிக்கல சார்," என்றார் மேலாளர். அடுப்புக்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

ஊழியர் பகுதி அனுபவ நிலையத்துக்குப் பின்னால், செடி வளர்த்து மறைத்த இடத்தில் இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே சமையல்காரர் டீ போட்டுக்கொண்டிருந்தார். கறுத்துப்போன அடுப்பு, நீலமாக எரிந்தது. அடுப்புக்காரர் ஒரு வினாடி அதையே பார்த்தார்.

"டீ ஆயிடுச்சா?"

"ஆச்சுங்க, இறக்கப் போறேன்."

"இறக்கிக்குங்க. சிலிண்டரைக் கழட்டறேன்."

"எங்க கொண்டு போறீங்க?"

"பதினாலாம் கூடாரத்துக்கு. வீட்ல பசிக்குதுன்னுட்டாங்க."

சமையல்காரர் டீயை இறக்கி வைத்தார். "டியூபையும் எடுத்துக்குங்க. கிளிப் கொஞ்சம் லூசு, பாத்து மாட்டுங்க," என்றார். அந்த முகாமில் அந்த மூன்று நாளில் யாராவது அவரிடம் சொன்ன முதல் உபயோகமான வார்த்தை அதுதான்.

நிறைந்த சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தொழில் தெரிந்தவர்கள் அதைக் கொஞ்சம் சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி, ஒரு கையால் சுழற்றியே உருட்டிக்கொண்டு போவார்கள். கூழாங்கல் பாதையில் அது கடகடவென்று உருண்டது. மௌனக் காவலரின் கருவி அலறத் தொடங்கியது. அதை எப்படி அணைப்பது என்று அவருக்குச் சொல்லித்தரவில்லை; இதுவரை அவசியம் வந்ததில்லை. கூடாரங்களின் துணிக்கதவுகள் ஒவ்வொன்றாக விலகின. மேலாளர் கூடவே ஓடிவந்து விதிகளைப் படித்தார்.

"பிரிவு மூணு! ஊழியர் உடைமையை விருந்தினர் தொடக்கூடாது! பிரிவு நாலு, உருளும் பொருள்! சார், இது திருட்டு!"

"இல்ல, கனெக்‌ஷன்," என்றார் அடுப்புக்காரர் நிற்காமல். "நீங்க குடுக்க மறந்துட்டீங்க. நான் குடுக்கறேன்."

கூடாரத்துக்குள் வந்ததும் அவர் கைகள் தாமாகவே வேலை செய்தன. டியூபின் நுனி வெடித்திருந்தது. ஒரு விரல்கடை நறுக்கி எறிந்தார். அடுப்பில் மாட்டினார். கிளிப்பை இறுக்கினார். ரெகுலேட்டரை உட்கார வைத்தார். கை கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து டியூப் நெடுகத் தடவினார். குமிழி இல்லை. துணிக்கதவை முழுக்கத் திறந்துவிட்டார். எட்டு வருஷம் பாலிஷ் போட்டுப் போட்டு பர்னர் ஓட்டைகள் அடைத்திருந்தன. ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். டாக்டர் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிச் சுவரில் இருந்த வாணலியைப் பிடுங்கிக் கழுவினார். பல் பிடுங்கிய கை, ஒரே முறுக்கு.

ஏழு நிமிஷம் போயிருந்தது. கட்டிலிலிருந்து, "இன்னும் இருக்குதுங்க," என்றார் அந்த அம்மாள். பசியைத்தான் சொன்னார். கையிலிருந்து நழுவப்போகிற குஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் மாதிரி வயிற்றில் கை வைத்திருந்தார்.

"நன்றி சொல்லணும் சார்," என்றார் நெருப்பு அலுவலர், மெதுவாக.

"எரியட்டும்மா. சொல்றேன்."

தீக்குச்சியைக் கிழித்தார். ஒரு முறை மஞ்சளாக எழும்பி, இருமி, பிறகு நீலமாக வட்டம் கட்டி நின்றது. நெருப்பு அலுவலர் இரண்டடி பின்னால் போனார். மூன்று வருஷமாக நெருப்பு அலுவலராக இருக்கிறார். வேலை நேரத்தில் நெருப்பை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "அய்யோ, அழகா இருக்கே," என்றார் சின்னக் குரலில்.

எண்ணெய் காய்ந்தது. அடுப்புக்காரர் மேசைமேல் கை நீட்டினார்.

"அது சாட்சிப் பொருள் சார்!" என்று கத்தினார் மேலாளர்.

சாட்சிப் பொருள் பொடியாக நறுக்கப்பட்டு எண்ணெயில் விழுந்து சத்தம் போட்டது. மேலே இரண்டு முட்டை. உப்பு. ஒரு சிட்டிகை மிளகுத்தூள். அடுப்பை சிம்மில் வைத்தார், அடி பிடிக்காமல் இருக்க. ரொட்டியை ஓரத்தில் போட்டுச் சூடாக்கினார். தட்டை அவர் மனைவியின் மடியில் வைத்தபோது பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த அம்மாள் பிய்த்தார். ஊதினார். வாயில் வைத்தார்.

முதல் வாய். இரண்டாவது. அடுப்புக்காரர் கையில் கரண்டியோடு நின்றார். மூன்றாவது. நாலாவது. மூன்று மாதமாக நாலோடு நின்றுவிடும். அந்த அம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டு ஐந்தாவது வாய்க்கு ரொட்டியைப் பிய்த்தார். தலை நிமிராமல், "உப்பு கொஞ்சம் கம்மிங்க," என்றார்.

அடுப்புக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்காயக் காரம் கண்ணில் பட்டது என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார்.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாம் கூடாரத்திலிருந்து பாலும் கையுமாக ஒருவர். இருபதாம் கூடாரத்திலிருந்து அரிசியோடு அக்காளும் தங்கையும். முப்பத்தாறிலிருந்து ஒரு பெரியவர், மூன்று நாளாகப் பையிலேயே வைத்திருந்த உருளைக்கிழங்கோடு. "வரிசையா வாங்க, தள்ளாதீங்க, அடுப்பு அணையாது," என்று டாக்டர் ஒழுங்குபடுத்தினார். சமையல்காரர் டீப் பாத்திரத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார், அவருக்கும் அதைச் சூடு பண்ண வேண்டியிருந்தது. மௌனக் காவலர் கருவியைக் குளியல் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அது அடங்கியது.

மேலாளர் மட்டும் கடமையை விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தார். ஒரு படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். விதிமீறல் ஒப்புதல், மூன்று பிரதி. உடன் வருபவரின் கையெழுத்து செல்லாது. முதன்மை விருந்தினர் போட வேண்டும்.

"அம்மா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு," என்று பேனாவை நீட்டினார். "நாங்க அனுமதி இல்லாம சமைச்சோம், அனுமதி இல்லாம சாப்பிட்டோம், இனிமே இப்படிச் செய்யமாட்டோம்னு எழுதியிருக்கு."

அந்த அம்மாள் படிவத்தைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். முட்டையும் எண்ணெயும் மினுங்குகிற தன் ஐந்து விரலையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"கை எச்சிலா இருக்கு தம்பி. சாப்பிட்டுட்டு இருக்கேன்ல? அப்படி ஓரமா நில்லுங்க."

பிறகு அடுப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார், கூட்டத்தின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி:

"ஏங்க, இன்னும் ரெண்டு முட்டை போடுங்க!"

மேலாளர் பேனாவை நீட்டியபடியே ஓரமாக நின்றார். அந்த அம்மாள் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.